ரிக்கி கார்மைக்கேல்: இரண்டு முறை 24-க்கு 24. பைக், உடம்பு, டெக்னிக் மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்

நாலாம்நம்பர்

மோட்டோகிராஸ் (மண் ட்ராக் பைக் ரேஸ்) ரைடர் கார்மைக்கேல் என்றதும் எல்லாரும் "150 வெற்றி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த 150-ஐப் பிரித்துப் பார்த்தால்தான் ஆளுடைய அளவு தெரியும். திறந்தவெளியில் நடக்கும் அமெரிக்க அவுட்டோர் நேஷனலில் 102, ஸ்டேடியத்துக்குள் நடக்கும் சூப்பர்கிராஸின் பெரிய க்ளாஸில் 48. 1997, 98, 99 மூன்று வருடமும் 125 சிசி க்ளாஸில் அவுட்டோர் பட்டம். 2000 முதல் 2006 வரை ஏழு வருடமும் 250 க்ளாஸ் பட்டம். முழு சீசன் ஓடிய பத்து வருடமும் அவுட்டோர் சாம்பியன் அவர்தான். கவாசாகி, ஹோண்டா, சுஸுகி என்று பைக் மாறியது, பட்டம் கைமாறவே இல்லை. சூப்பர்கிராஸ் பட்டம் ஐந்து: 2001, 2002, 2003, 2005, 2006.

இதில் 2002-ம் 2004-ம் தனி ரகம். அவுட்டோர் சீசனில் 12 சுற்று, சுற்றுக்கு 2 மோட்டோ (தனித்தனி ரேஸ்), மொத்தம் 24. ஒவ்வொரு மோட்டோவும் 30 நிமிடமும் அதற்கு மேல் 2 லேப்பும். 2002-ல் 24-ஐயும் ஜெயித்தார். 2004-ல் திரும்பவும் 24-ஐயும் ஜெயித்தார். ஒரு மோட்டோ வெற்றிக்கு 25 புள்ளி, ஆக 600-க்கு 600. ஒரு ஸ்போக் அறுந்திருந்தாலோ, ஒரு கல் ரேடியேட்டரில் பட்டிருந்தாலோ இந்தக் கணக்கு உடைந்திருக்கும்.

2002-ல் அவர் ஓட்டியது ஹோண்டா சிஆர்250ஆர், டூ ஸ்ட்ரோக். 2004-ல் சிஆர்எஃப்450ஆர், ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டில் எது பெரிய சாதனை? "தலைவன், தெய்வம்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் காரணத்தோடு எழுதுங்க.

---

டூஸ்ட்ரோக்_காதலன்

என் ஓட்டு 2002-க்கு.

முதல் காரணம் பைக். அந்த வருடம்தான் சிஆர்250ஆர் புது இஞ்சினோடு வந்தது. ரீட் வால்வு (கலவையை இஞ்சினுக்குள் விடுவது) சிலிண்டரிலிருந்து கிராங்க்கேஸுக்கு இறங்கியது, பவர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயை ஆர்பிஎம்முக்கு ஏற்ப மாற்றுவது) எலக்ட்ரானிக் ஆனது. கடையில் வாங்கிய பைக்கில் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போதவில்லை என்ற குறை அப்போதிருந்தே உண்டு. ஃபேக்டரி டீமிடம் நல்ல போர்ட்டிங்கும் (சிலிண்டர் வழிகளைச் செதுக்குவது) எக்ஸாஸ்ட் பைப்பும் இருந்திருக்கும், சரி. ஆனால் 1986 முதல் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கமான ஏஎம்ஏவில் ப்ரொடக்‌ஷன் ரூல் இருக்கிறது. ஃபிரேமும் இஞ்சின் கேஸும் விற்பனைக்கு வரும் பைக்கோடு ஒத்துப்போக வேண்டும். புது டிசைனை முழுக்க மாற்றிவிட முடியாது.

இரண்டாவது காரணம் விதி. டூ ஸ்ட்ரோக்குக்கு 250 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அதைவிடப் பெரிய இஞ்சின், இரண்டும் ஒரே க்ளாஸ். மேடேறும்போதும், நீளமான ஸ்டார்ட் ஸ்ட்ரெயிட்டிலும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சாதகம்.

மூன்றாவதுதான் முக்கியம். டூ ஸ்ட்ரோக் 250-ல் த்ராட்டிலை மூடினால் இஞ்சின் பிரேக் கிட்டத்தட்ட இல்லை. வேகத்தைக் குறைக்க முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் நம்பணும். திருப்பத்தின் நடுவில் ஆர்பிஎம் பவர் பேண்டுக்கு (இஞ்சின் நன்றாக இழுக்கும் வரம்பு) கீழே விழுந்தால் பைக் மூச்சுவிடத் திணறும். திரும்ப எழுப்ப ஒரே வழி கிளட்ச். ஒரு விரல் எப்போதும் லீவர் மேல் இருக்கும், த்ராட்டில் திறந்தபடியே இருக்கும், கிளட்சை முழுக்க இழுக்காமல் ஒரு தட்டு. ஆர்பிஎம் எழும்பியதும் விட்டுவிடணும். இதை ஒவ்வொரு திருப்பத்திலும் 30 நிமிடத்துக்கு மேல் பிசகாமல் செய்யணும். நேரம் தப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். சீக்கிரம் தட்டினால் பின்சக்கரம் சுழன்று வெளியே போகும். தாமதமானால் முன்னால் போகிறவன் மூன்று பைக் நீளம் தள்ளிவிடுவான்.

இவ்வளவையும் பிசகில்லாமல் 24 மோட்டோ செய்திருக்கிறார்.

---

வால்வுக்காரர்

டூஸ்ட்ரோக் தம்பி சொன்ன கிளட்ச் விஷயம் நூறு சதம் சரி. ஆனாலும் 2004-தான் கடினம். நான் இஞ்சின் பக்கமிருந்து பார்க்கிறேன்.

அந்தக் காலத்து 450-ல் எலக்ட்ரிக் ஸ்டார்ட் கிடையாது. விழுந்து இஞ்சின் அணைந்தால் டூ ஸ்ட்ரோக்கைக் கிளட்சைப் பிடித்து, கியரிலேயே ஒரு உதையில் எழுப்பிவிடலாம். 450-ஐ அப்படி எழுப்புவது லாட்டரி. ஒரு சின்ன விழுகை 2002-ல் பத்து விநாடி இழப்பு என்றால், 2004-ல் அது மோட்டோவையே முடித்துவிடக்கூடிய விஷயம். 24 மோட்டோவிலும் அந்த ஆபத்தோடு ஓடியிருக்கிறார்.

அடுத்து வால்வு. சிஆர்எஃப்450ஆரின் இன்டேக் வால்வு டைட்டானியம். எடை குறைவு, அதனால் அதிக ஆர்பிஎம் தாங்கும். ஆனால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான உலோகம், சீக்கிரம் குழிந்து வால்வு சீட்டுக்குள் (வால்வு உட்காரும் வளையம்) ஏறிவிடும். தேய்மானத்துக்கு முதல் காரணம் ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் மணல் தூசு. ஃபில்டரின் விளிம்பு உட்காரும் இடத்தில் கிரீஸ் தடவாமல் விட்டால் போதும், நுண்தூசு அந்த வழியே உள்ளே போய்விடும்.

2004 ஞாபகமாக இந்த பைக்கை வாங்கி வைத்திருக்கிற ரசிகர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்காக: இன்டேக் வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) 0.16 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.28 மி.மீ., இரண்டுக்கும் கூடக்குறைய 0.03. இஞ்சின் முழுக்க ஆறியபின், பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பாருங்க. உதாரணமாக இன்டேக்கில் 0.08 காட்டுகிறது, உள்ளே இருக்கும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வில்லை) 2.000 மி.மீ. என்றால், தேவையான 0.16-க்கு 0.08 குறைகிறது. 2.000-இலிருந்து 0.08 கழித்தால் 1.920. கிடைக்கும் அளவில் அதற்குப் பக்கம் 1.925. அதைப் போட்டால் கிளியரன்ஸ் 0.155-க்கு வந்துவிடும்.

ஒரு தடவை ஷிம் மாற்றலாம். சில மணி நேர ஓட்டத்திலேயே திரும்ப இறுகினால் வால்வு முடிந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி ஷிம்மைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் வால்வுத் தலை ஒடிந்து பிஸ்டனில் விழும். புது வால்வு போடும்போது சீட்டையும் கட் பண்ணணும். பழைய சீட்டில் புது டைட்டானியம் வால்வை உட்காரவைத்தால் அந்தப் பணம் வீண்.

ஆயில் பற்றி ஒரு வரி. இந்த பைக்கில் இஞ்சின் ஆயில் தனி, கியர்பாக்ஸ் ஆயில் தனி. கிளட்ச் பிளேட்டின் தூள் இஞ்சினுக்குள் வராது, அது நல்லது. ஆனால் இஞ்சின் பக்கம் இருக்கும் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு. கொஞ்சம் எரிந்தாலே அளவு அபாயத்துக்கு இறங்கிவிடும், அதனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பார்க்கணும்.

---

புதுரைடர்

வால்வுக்காரர் அண்ணே, சூடான 450 விழுந்து அணைந்தால் எப்படிக் கிக் பண்ணணும்? வீடியோவில் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி செய்றாங்க.

இன்னொரு சந்தேகம். கார்மைக்கேல் உயரம் 5 அடி 6 அங்குலம்தான். இந்த பைக் சீட்டெல்லாம் இடுப்புக்கு மேல இருக்கு. அவர் எப்படிச் சமாளிச்சார்? உயரம் குறைஞ்சவங்க பின் ஸ்பிரிங்கை லூஸ் பண்ணி பைக்கை இறக்கிக்கலாமா?

---

வால்வுக்காரர்

கிக் பற்றி. முதலில் நியூட்ரல். அவசரத்தில் இதைத்தான் எல்லாரும் விடுவாங்க. கியரில் வைத்துக் கிளட்சைப் பிடித்தாலும் ஆயில் பிசுபிசுப்பில் பிளேட்டுகள் இழுக்கும், உதையின் வேகம் பாதி அங்கேயே போய்விடும். அடுத்து ஹாட் ஸ்டார்ட் லீவரை இழுத்துப் பிடிங்க. விழுந்து கிடந்த பைக்கில் பெட்ரோல் அதிகமாகத் தேங்கியிருக்கும். இந்த லீவர் கூடுதலாகக் காற்றை உள்ளே விட்டுக் கலவையை மெலிசாக்கும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கெட்டியாகும், அதைச் சற்றுத் தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, அடிவரைக்கும் முழு உதை. அரை உதை வேண்டாம்.

த்ராட்டிலை மட்டும் தொடவே கூடாது. இந்த பைக்கின் கெய்ஹின் எஃப்சிஆர் கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறது. த்ராட்டிலை ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் பச்சைப் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். பதற்றத்தில் நான்கு முறை முறுக்கினால் பிளக் நனைந்துவிடும். அப்படி நனைந்துவிட்டால் ஹாட் ஸ்டார்ட்டை இழுத்து, த்ராட்டிலை முழுசாகத் திறந்தே வைத்து, ஏழெட்டு உதை உதைத்து உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு, த்ராட்டிலை மூடிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து வாங்க.

---

பிட்லேன்_அக்கா

தம்பி, ஸ்பிரிங்கை லூஸ் பண்ணி மட்டும் பைக்கை இறக்காதே. உயரம் குறைந்த ரைடர்கள் அடிக்கடி செய்யும் தப்பு அதுதான்.

சாக் என்பது நீ ஏறி உட்காரும்போது பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. இந்த வகை பைக்குக்கு 100 முதல் 105 மி.மீ. வரை சரி. ஸ்பிரிங்கை லூஸாக்கி 115, 120-க்குக் கொண்டுபோனால் கால் தரையில் எட்டும். ஆனால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்சக்கரத்தில் எடை குறையும். திருப்பத்தில் ஹேண்டிலைத் திருப்பினாலும் முன்சக்கரம் நேரே வழுக்கிக்கொண்டு வெளியே போகும். பெரிய ஜம்ப்பில் இறங்கும்போது பின் ஷாக் அடிமட்டத்தில் போய் முட்டும்.

அளக்கும் முறை: பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி இரண்டு சக்கரமும் தொங்கட்டும். பின் ஆக்ஸிலின் நடுவிலிருந்து, அதற்கு நேர் மேலே ஃபெண்டரில் ஒரு குறி போட்டு, அந்த நீளத்தை அள. 610 என்று வைத்துக்கொள். பிறகு பைக்கைத் தரையில் இறக்கி, பூட்ஸ், ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஃபுட்பெக்கில் கால் வைத்து நடுவில் உட்கார். முன்னால் ஒருத்தர் பைக்கைப் பிடிக்கணும். இரண்டு மூன்று தடவை குலுக்கிவிட்டு அதே இடத்தை அள. 507 வந்தால் சாக் 103. கூடுதலாக இருந்தால் ஷாக்கின் மேல் ரிங்கை இறுக்கு, குறைவாக இருந்தால் தளர்த்து.

இதோடு முடியாது. நீ இறங்கிய பிறகு பைக் தன் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று பார். 30-40 மி.மீ. இருந்தால் ஸ்பிரிங் உன் எடைக்குப் பொருத்தம். 103 சரியாக வந்தும் இது 15 மி.மீ.தான் என்றால் ஸ்பிரிங் உனக்கு மெல்லியது, அதை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருக்கிறாய். கனமான ஸ்பிரிங் வாங்கணும்.

உயரத்துக்கு வழி சீட் ஃபோம். 10 முதல் 15 மி.மீ. வரை ஷேவ் பண்ணலாம், அதற்கு மேல் போனால் கீழே இருக்கும் பிளாஸ்டிக் இடுப்பில் இடிக்கும். ஸ்டார்ட் கேட்டில் காலடியில் ஒரு கட்டை போட்டுக்கொள்ளலாம், ப்ரோ ரைடர்களும் செய்வது அது. ஓட ஆரம்பித்த பிறகு கால் தரைக்கு எட்டவேண்டிய அவசியமே இல்லை.

கார்மைக்கேலைக் கவனித்துப் பார். உயரம் குறைவு என்பதையே ஆயுதமாக வைத்திருந்தார். உடம்பின் எடை டேங்குக்குப் பக்கத்திலேயே, தாழ்வாக இருக்கும். முழங்கால் இரண்டும் பைக்கின் உடம்பை விட்டு விலகாது. பின்சக்கரம் ஒரு பக்கம் உதறும்போது நெடிய ரைடர்களுக்கு மேலுடம்பு சேர்ந்து ஆடும், இவருக்குப் பைக் மட்டும் ஆடும்.

---

எவர்ட்ஸ்72

கார்மைக்கேல் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் டெக்னிக் என்று பேசினால் பெல்ஜியத்தின் ஸ்டெஃபான் எவர்ட்ஸை விட்டுவிட்டுப் பேச முடியாது. 10 உலகப் பட்டம், 101 கிராண்ட் ப்ரீ வெற்றி. 2023-ல் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் தாண்டும்வரை அந்த 101 உச்சத்தில் இருந்தது. 2006-ல், ஓய்வு பெறும் வருடத்தில், 15 கிராண்ட் ப்ரீயில் 14 ஜெயித்தார். 2003-ல் பிரான்சின் எர்னேயில் ஒரே நாளில் மூன்று க்ளாஸிலும் ஓடி மூன்றையும் ஜெயித்தார்.

எவர்ட்ஸ் திருப்பத்துக்குள்ளும் நின்றுகொண்டே போவார். நிற்கும்போது காலும் இடுப்பும்தான் முதல் ஷாக் அப்சார்பர். மேடுபள்ளத்தில் பைக் கீழே தன் வேலையைப் பார்க்கும், மேலுடம்பு அசையாது. ஆர்பிஎம் குறைவு, ஒரு கியர் மேலே, கிளட்ச் பிளேட் மிச்சம். பார்க்க மெதுவாகத் தெரியும், ஸ்டாப்வாட்ச் வேறு சொல்லும். கற்றுக்கொள்பவர்களுக்கு நல்ல பாடம் எவர்ட்ஸ் என்பது என் கருத்து.

---

நாலாம்நம்பர்

எவர்ட்ஸ்72 அண்ணே, மறுக்கவே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் 450-ல் புது ரைடர் பார்க்க வேண்டிய முதல் வீடியோ எவர்ட்ஸ்தான். எடுத்த எடுப்பில் கார்மைக்கேலைக் காப்பியடித்தால் பத்தாவது நிமிடத்தில் கை இறுகி நின்றுவிடும்.

ஆனால் கார்மைக்கேலுக்கு என்று ஒன்று இருக்கிறது: முதல் இரண்டு லேப். மற்றவர்கள் ட்ராக்கின் ஈரம், புது ரட் (சக்கரம் அறுத்த தடப் பள்ளம்), காய்ந்த மண் எல்லாவற்றையும் பார்த்துப் பழகும் நேரத்தில் அவர் முழு வேகத்தில் போவார். இடைவெளி அங்கேயே விழும். பின்னால் வருகிறவர்கள் அந்த வேகத்தைப் பிடிக்கத் தங்கள் அளவை மீறுவார்கள், மீறியதும் தப்பு நடக்கும். ஏற்கனவே பாதி ஜெயித்துவிட்டு மீதி நேரம் ஓடுவது போல.

இது துணிச்சலால் மட்டும் வருவதல்ல. இதற்கு உடம்பு வேணும். அதைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்க.

---

நாடித்துடிப்பு

நான் எழுதுகிறேன். கார்மைக்கேல் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1998-ல் 125 ஈஸ்ட் (கிழக்குப் பகுதி) சூப்பர்கிராஸ் பட்டத்தை ஜெயித்துவிட்டு, 1999-ல் 250 சூப்பர்கிராஸுக்கு வந்தார். திரும்பத் திரும்ப விழுந்தார். அந்த க்ளாஸில் முதல் வெற்றி 2000-ல் ஃபுளோரிடாவின் டேடோனாவில்தான் வந்தது. அவுட்டோரில் யாரும் தொட முடியாத ஆள், ஸ்டேடியத்துக்குள் தடுமாறினார். அந்தக் கட்டத்தில்தான் தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ஆல்டன் பேக்கருடன் சேர்ந்தார். எடை குறைந்தது. சைக்கிள் ஓட்டம், சாப்பாடு, தூக்கம், ஓய்வு நாள் எல்லாம் கணக்குக்குள் வந்தது. 2001-ல் 16 சூப்பர்கிராஸ் ரேஸில் 14 வெற்றி, அதுவரை ஜெரமி மெக்ராத் கையில் இருந்த பட்டமும் அவருக்கு. ஒரு வருடத்தில் நடந்த மாற்றம் இது!

ஏன் சைக்கிள்? மோட்டோவில் இதயத் துடிப்பு ரைடரின் உச்ச அளவில் 90 சதத்தைச் சுற்றியே 30 நிமிடமும் நிற்கும். அந்த நிலையைத் தாங்க அடித்தளம் வேண்டும். பைக்கிலேயே தினமும் அவ்வளவு நேரம் ஓட்டினால் மணிக்கட்டும் முழங்காலும் தாங்காது. சைக்கிளில் மூட்டுக்கு அடி இல்லாமல் மணிக்கணக்கில் துடிப்பை ஒரே அளவில் வைக்கலாம். வாரத்தில் பெரும்பாலான நேரம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம், ஒன்றிரண்டு நாள் மட்டும் 4 நிமிடம் கடுமை, 3 நிமிடம் தளர்வு என ஐந்தாறு சுற்று. தினமும் நடுத்தர வேகத்தில் ஓட்டுவதுதான் பொதுவான தப்பு: களைப்பு சேரும், அடித்தளமும் வளராது, உச்சமும் வளராது.

கை இறுகுவது பற்றி. முன்கைத் தசைகளைச் சுற்றி ஒரு கெட்டியான உறை இருக்கிறது. இறுக்கிப் பிடிக்கும்போது ரத்தம் உள்ளே வரும், வெளியேறுவது தடைபடும், தசை வீங்கும், உறை விரியாது. விரலில் பலமே இல்லாமல் போகும், பிரேக் லீவரை உணர முடியாது. மருந்து கையில் இல்லை, காலில் இருக்கிறது. முழங்காலால் பைக்கைப் பிடிக்காதவர்களுக்குத்தான் கை முழுப் பாரத்தையும் தூக்கும். மோட்டோவுக்கு முன் 10-15 நிமிடம் நிற்கும் சைக்கிளில் வியர்க்கும்வரை மிதியுங்கள். குளிர்ந்த உடம்போடு கேட்டுக்குப் போனால் முதல் லேப்பிலேயே இறுகும். கார்மைக்கேல் போல முதல் லேப்பை அடிக்க நினைப்பவர்களுக்கு இது கட்டாயம்.

தண்ணீர்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. இரண்டு மோட்டோவுக்கு நடுவில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துத் தீர்க்காமல் உப்பும் சேர்க்கணும், இல்லாவிட்டால் இரண்டாவது மோட்டோவில் தொடை பிடித்துக்கொள்ளும்.

---

பிட்லேன்_அக்கா

நாடித்துடிப்பு அருமையாக எழுதியிருக்கிறார். 2004-க்கு நான் ஓட்டுப் போடுவதற்கும் உடம்புதான் காரணம்.

2004 சூப்பர்கிராஸ் சீசனை கார்மைக்கேல் முழுசாகத் தவறவிட்டார். முழங்கால் லிகமென்ட் அறுந்து ஆபரேஷன். ஜனவரி முதல் மே வரை மற்றவர்கள் ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் காலைத் தேற்றிக்கொண்டிருந்தார். அந்த சூப்பர்கிராஸ் சீசனில் ஒரு ரேஸ்கூட ஓடாமல், ஆபரேஷன் ஆன காலோடு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்து இறங்கி 24-க்கு 24. இதற்கு மேல் என்ன சொல்ல?

புது ரைடர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம். திருப்பத்தில் காலை நீட்டும்போது பாதம் முன் ஆக்ஸிலை நோக்கி இருக்கணும், விரல் மேல்நோக்கி, முழங்கால் லேசாக மடிந்து, டேங்க் ஷ்ரவுடுக்கு (டேங்க் ஓரப் பிளாஸ்டிக்) பக்கத்தில். காலைப் பக்கவாட்டில் நீட்டினால் பாதம் ரட்டில் மாட்டும், பைக் முன்னால் போகும், பாதம் நிற்கும், நடுவில் இருக்கும் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். லிகமென்ட் அறுவது பெரும்பாலும் இப்படித்தான். நீ முழங்கால் பிரேஸ் மாட்டினாலும் அந்த முறுக்கலைக் கொஞ்சம்தான் தடுக்கும்.

---

டூஸ்ட்ரோக்_காதலன்

அக்கா, முழங்கால் விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அது பெரிய எடைதான்.

ஆனாலும் 2005-ஐ நடுவில் கொண்டுவருகிறேன். சுஸுகிக்கு மாறிய முதல் வருடம், டீமின் தலைமையில் ரோஜர் டி கோஸ்டர். சூப்பர்கிராஸை ஆர்எம்250 டூ ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். எதிரில் 450-களும் வரத் தொடங்கிவிட்ட காலம் அது. அதே வருடம் அவுட்டோரில் புத்தம்புது ஆர்எம்-இசட்450, அதுவும் நாலே கியர், 12 சுற்றிலும் ஓவரால் (இரண்டு மோட்டோவும் சேர்த்து) வெற்றி. ஒரே வருடத்தில் இரண்டு விதமான இஞ்சினில் இரண்டு பட்டம். இரண்டு வகையிலும் கையைப் பழக்கி வைத்திருந்தார் என்பதற்கு 2002-2004 ஜோடியைவிட 2005 நல்ல ஆதாரம்.

ஆர்எம்250, சிஆர்250ஆர் வைத்திருப்பவர்களுக்காக: ப்ரீமிக்ஸ் (பெட்ரோலோடு ஆயிலைக் கலக்கும் விகிதம்) 32-க்கு 1. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மி.லி. ஆயில். "ஆயில் கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பு" என்று 20-க்கு 1 போடுபவர்கள் கவனிக்க. கார்புரேட்டரில் அதே ஜெட்டில் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது. மாற்றினால் ஜெட்டையும் சேர்த்து மாற்றணும்.

---

மணல்மேடு

யாரும் சவுத்விக்கைத் தொடவில்லையே! மாசசூசெட்ஸில் இருக்கும் அந்த மணல் ட்ராக், நேஷனல் காலண்டரிலேயே உடம்பை அதிகம் உறிஞ்சும் இடம். ஃபுளோரிடாவில் பிறந்து மணலில் வளர்ந்த கார்மைக்கேலுக்கு அது வீடு மாதிரி. 24-க்கு 24 பேசும்போது இதைச் சேர்க்கணும்: கெட்டி மண், சேறு, மணல் எல்லாமே அந்த 12 சுற்றில் உண்டு, செட்டப் ஒவ்வொரு வாரமும் மாறும்.

மணலுக்கு எப்படி மாற்றுவது? முன் ஃபோர்க்கின் கம்ப்ரஷனை இரண்டு மூன்று கிளிக் இறுக்கணும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் மணலுக்குள் குத்தாமல் இருக்க. பின் சாக்கை 2-3 மி.மீ. கூட்டலாம். பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் இஞ்சின் மூச்சுவிடும். செயினை வழக்கத்தைவிட ஒரு பொட்டுத் தளர்வாக விடணும், மணல் சேரச்சேர அது இறுகும்.

ஓட்டும்போது தாமதமாகப் பிரேக் பிடிக்கும் பழக்கத்தை விட்டுடணும். த்ராட்டிலை மூடினாலே மணல் பிரேக் போட்டுவிடும். முன்சக்கரம் மிதக்கும்வரை த்ராட்டில் திறந்தே இருக்கணும். பயந்து மூடியதும் முன்சக்கரம் அமிழ்ந்து ஹேண்டில் மடங்கும். புதியவர்கள் மணலில் விழுவதில் பாதி இப்படித்தான்.

---

வால்வுக்காரர்

மணல்மேடு தம்பி சொன்னதோடு ஸ்போக்கையும் சேர்த்துக்கோங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாருங்க. பின்சக்கரத்தில் ரிம் லாக்குக்கு (டயர் நழுவாமல் பிடிப்பது) பக்கத்தில் இருக்கும் ஸ்போக்தான் முதலில் தளரும். அது தளர்ந்திருந்தால் மற்றவையும் தளர ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். ஒரே ஸ்போக்கை ஒரே மூச்சில் இறுக்கினால் ரிம் கோணும். கால் திருகு, அடுத்து மூன்று ஸ்போக் தள்ளி ஒன்று, இப்படியே சுற்றி வரணும்.

---

நாலாம்நம்பர்

இதுவரை 2004-க்குக் கை ஓங்கியிருக்கிறது. என் கருத்தும் 2004-தான், முழங்கால் காரணமாக. டூஸ்ட்ரோக் தம்பி மன்னிக்கணும்.

பிறகு வந்தவர்களையும் சொல்லணும். 2008-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கவாசாகியில் 24-க்கு 24. 2023-ல் ஜெட் லாரன்ஸ் 11 சுற்றில் 22-க்கு 22. மூன்று பேருமே மகத்தானவர்கள். இரண்டு தடவை செய்தவர் கார்மைக்கேல் ஒருத்தர்தான். டேடோனாவில் ஐந்து வெற்றி என்ற அவருடைய சாதனையை 2022-ல் ஈலை டோமாக் ஆறாவது வெற்றியோடு தாண்டினார். அந்த ட்ராக்கையே 2008 முதல் வடிவமைப்பது கார்மைக்கேல்தான். 2007-ல் பட்ஸ் கிரீக்கில் நாடுகளுக்கு இடையிலான மோட்டோகிராஸ் ஆஃப் நேஷன்ஸை வில்லோபோட்டோ, ஃபெரியோடு ஜெயித்துவிட்டு நிறுத்தியவர், பிறகு ட்ரையம்ப் டிஎஃப்250-எக்ஸ் பைக்கின் உருவாக்கத்திலும் பங்கெடுத்தார். ஓய்வு பெற்றும் மண்ணை விட்டுப் போகவில்லை.

---

புதுரைடர்

எல்லாருக்கும் நன்றி. சாக் நாளைக்கே அளக்கிறேன் அக்கா. கார்மைக்கேல்கிட்டேயிருந்து முதல்ல ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பழகணும்னா எதை எடுக்கலாம்? ஸ்டார்ட்டா, திருப்பமா?

---

ஹோல்ஷாட்

திருப்பம். ஸ்டார்ட் ஒரு மோட்டோவுக்கு ஒரு தடவைதான் வரும், திருப்பம் நூற்றுக்கணக்கில் வரும்.

சமதளத்தில் இரண்டு கோனை 20 மீட்டர் இடைவெளியில் வை. அவற்றைச் சுற்றி ஓவல். இரண்டாம் கியர், கியர் மாற்றவே கூடாது. நேர்ப்பகுதியில் நின்றுகொண்டே போய், நின்றபடியே பிரேக் பிடி. பைக் சாயத் தொடங்கும்போது டேங்க் ஓரமாகச் சீட்டின் முன்பகுதியில் உட்கார், வெளிப்பக்க முழங்கை மேலே, வெளிப்பக்க ஃபுட்பெக்கில் முழு எடை. பார்வை கோனில் இருக்கக் கூடாது, கோனைத் தாண்டி வெளியேறும் இடத்தில் இருக்கணும். பிரேக்கை விடுவதும் த்ராட்டிலைத் திறப்பதும் ஒட்டிக்கொண்டு வரணும். நடுவில் பைக் சும்மா உருளும் நேரம் இருந்தால், கார்மைக்கேல் உன்னைத் தாண்டும் இடம் அதுதான்.

5 நிமிடம் ஓட்டு, 3 நிமிடம் நிறுத்து, நான்கு சுற்று போதும். முன்சக்கரம் வழுக்கினால் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறாய். பின்சக்கரம் வெளியே போனால் வெளிப்பக்க பெக்கில் எடை இல்லை. முன்கை இறுகினால் முழங்கால் வேலை செய்யவில்லை. பாதி நேரம் இடப்பக்கம், பாதி நேரம் வலப்பக்கம். வலப்பக்கத் திருப்பத்தில் வலது கால் வெளியே இருப்பதால் பின்பிரேக் கிடைக்காது, அதனால் கால் எடுக்கும் முன்பே பின்பிரேக் வேலையை முடித்துவிட்டு, மீதியை முன்பிரேக்கில் ஒரு விரலால் இழுத்துக்கொண்டே உள்ளே போ. பலருக்கும் வலப்பக்கம்தான் பலவீனம், அதனால் அந்தப் பக்கத்தில் ஆரம்பி.